முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய ஞானம்

மதுரையில் நிலப் பத்திரங்களைச் சரிபார்த்துச் சட்டக் கருத்து எழுதித் தருவது என் வேலை. நானும் சபைக்குப் போகிறவன் என்பதால் என்னிடம் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய வருகின்றன. ஒத்தக்கடை, ஊமச்சிகுளம், கருப்பாயூரணிப் பக்கம் மனை பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறார்கள்: "ஜெபித்துவிட்டோம் ஐயா, மனதில் சமாதானம் இருக்கிறது. நீங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டால் கிரயத்தை முடித்துவிடலாம்." விசாரித்தால் முன்பணம் ஏற்கெனவே கைமாறியிருக்கும். அதன் பிறகு செய்யும் ஜெபத்தில் 'வேண்டாம்' என்ற பதிலைக் கேட்க எவருக்கும் மனம் வருவதில்லை.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் விற்பனை ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டு வந்தார்கள். அதன் மேல் ஓரத்தில் பென்சிலால் 'யோசுவா 1:3' என்று எழுதியிருந்தது. "உங்கள் காலடி மிதிக்கும் எவ்விடத்தையும் உங்களுக்குக் கொடுத்தேன்" என்ற வசனம். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு இருவரும் மனையைச் சுற்றி நடந்து ஜெபித்திருக்கிறார்கள்.

வில்லங்கச் சான்றில் ஒரு குறையும் இல்லை. பட்டா மகன்கள் இருவர் பெயரில் இருந்தது. ஆனால் நிலம் அவர்களுடைய தகப்பனாருடையது. அவர் உயிலெழுதாமல் இறந்தவர், மனைவியும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது அதில் மூன்றாவதாக ஒரு மகளின் பெயர் இருந்தது. ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இல்லை. "அந்தப் பெண்ணுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவர் கேட்க மாட்டார்" என்று தரகர் சொல்லியிருந்தாராம்.

விற்பவர்களும் கிறிஸ்தவர்கள். உயில் இல்லாதபோது நம்மவர்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி இறந்தவரின் மனைவி உயிருடன் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மனைவி இல்லையென்றால் முழுவதும் பிள்ளைகளுக்கே. மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று சொல்வது வழக்கமாக இருக்கலாம், சட்டம் அல்ல. பதிவான ஆவணங்கள் மட்டுமே காட்டும் வில்லங்கச் சான்றில் இப்படி விடுபட்ட வாரிசு தெரியமாட்டார்.

நான் இதை விளக்கி முடித்ததும் அந்த அம்மா கேட்டார்: "அப்படியானால் ஆண்டவர் கொடுத்த வசனம் பொய்யா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். வசனம் பொய்யல்ல. அது யோர்தானைக் கடக்கவிருந்த யோசுவாவுக்குக் கானானைக் குறித்துச் சொல்லப்பட்டது. மதுரையில் ஒரு பெண்ணின் பங்கை அவருக்குத் தெரியாமல் வாங்குவதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. பரத்திலிருந்து வருகிற ஞானம் "முதலாவது சுத்தமுள்ளது" என்கிறார் யாக்கோபு. சமாதானத்தை அதற்குப் பின்புதான் வைக்கிறார். நாமோ சமாதானத்தை முதலில் வைத்து, சுத்தத்தைத் தரகரிடம் விட்டுவிடுகிறோம். கர்த்தருடைய சமுகத்தைவிட்டு ஓடிய யோனாவும் கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்துதான் தூங்கினான். மனம் அமைதியாக இருப்பது மட்டும் தேவசித்தத்துக்குச் சாட்சியாகிவிடாது.

எரேமியா 32-ஆம் அதிகாரத்தை என் கட்சிக்காரர்களுக்கு அடிக்கடி வாசித்துக் காட்டுவேன். ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கும்படி தேவனே எரேமியாவிடம் பேசுகிறார். பெரியப்பாவோ சித்தப்பாவோ மகன் ஒருவன் வந்து விற்கப்போகிறான் என்றும் முன்னறிவிக்கிறார். அவன் வந்து நின்ற பிறகுதான் இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டதாக எரேமியா எழுதுகிறார். இவ்வளவு தெளிவு கிடைத்தும் அவர் எதையும் விட்டுவிடவில்லை. 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைக்கிறார். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் தன் எழுத்தரான பாருக்கின் கையில் கொடுத்து, நெடுங்காலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். ஒரு தீர்க்கதரிசிக்குத் தேவைப்பட்ட கவனம் நமக்குத் தேவையில்லை என்று எந்தத் துணிச்சலில் நினைக்கிறோம்?

நேர் எதிரான ஆபத்தும் உண்டு. யோசுவா 9-இல் பக்கத்தில் குடியிருந்த கிபியோனியர் உடன்படிக்கை பெறுவதற்காகத் தூரதேசத்தார்போல நடித்து, பூசணம் பூத்த அப்பத்தோடும் பழைய பாதரட்சைகளோடும் வந்தபோது, இஸ்ரவேலர் அவற்றைப் பார்த்து நம்பினார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை. பத்திரம் சுத்தமாக இருக்கிற மனையும் ஒரு குடும்பத்துக்குத் தவறான மனையாக இருக்கலாம். இரண்டு சம்பளத்தை நம்பி எடுத்த கடனால் பிள்ளையின் படிப்பை நிறுத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதை என் சட்டக் கருத்து சொல்லாது. கணவனும் மனைவியும் சேர்ந்து முழங்காலில் நின்று, உள்ளதை உள்ளபடி ஒருவருக்கொருவர் சொல்லித்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிணைக் கையெழுத்தும் அப்படித்தான். சபையில் பழகியவர் கேட்டார் என்று போட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு பிணை நின்றவருக்கும் உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். செலுத்த வழியில்லாதவனின் படுக்கையும் பறிபோகும் என்று நீதிமொழிகள் 22 அதற்கு வெகுகாலம் முன்பே எச்சரித்திருக்கிறது.

அந்த ஆசிரியர் கிரயத்தைத் தள்ளிவைத்தார். சகோதரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் அக்காவைத் தேடிப் போய்ப் பேசினார்கள்; அவர் தன் பங்குக்கான பணத்தைப் பெற்றுக்கொண்டு கிரயப் பத்திரத்தில் தானும் கையெழுத்திட்டார்.

"இன்று மாலைக்குள் பணம் தராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், "விசுவாசிக்கிறவன் பதறான்" என்ற ஏசாயாவின் வார்த்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே ஜெபியுங்கள். எனக்குத் தெரியாததைக் காட்டும், இதில் எவருடைய உரிமையாவது மறைந்திருந்தால் வெளிப்படுத்தும் என்று கேளுங்கள். பிறகு மூலப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள். அவர் வேண்டாம் என்றால், ஏன் என்று உட்கார்ந்து கேளுங்கள்.