முதல் பக்கத்தை விட்டுவிட்டுப் படிக்கும் நாவல்கள்

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கத் தொடங்கிய புதிதில், முதல் ஆங்கில நாவல் எது என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு 'ஒரூனோக்கோ' என்று எழுதியிருந்த மாணவியின் விடையைச் சிவப்பு மையால் அடித்தேன். விடைக்குறிப்பில் 'ராபின்சன் குரூசோ' என்றிருந்தது. ஆஃப்ரா பென் எழுதி 1688இல் வெளியான அந்நூலை அவள் படித்திருந்தாள். நான் அதுவரை படித்திருக்கவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

'முதல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாவலின் பிறப்பைக் கற்பிப்பது மாணவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே என் அனுபவம். அவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: தொடக்ககால ஆங்கில நாவல்கள் தங்களைக் கதை என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. தான் எழுதுவதில் பெரும்பகுதியை நேரில் கண்டதாகச் சொல்லித்தான் ஆஃப்ரா பென் தொடங்குகிறார். 1719 ஏப்ரலில் வந்த 'ராபின்சன் குரூசோ'வின் தலைப்புப் பக்கத்தில் டேனியல் டீஃபோவின் பெயர் கிடையாது. யார்க் நகரத்து மாலுமி 'தானே எழுதியது' என்றே அச்சிட்டிருந்தார்கள். இது நடந்த வரலாறு, இதில் புனைவின் சாயலே இல்லை என்று பதிப்பாசிரியர் ஒருவர் முன்னுரையில் உறுதி கூறுகிறார். தேர்வுக்கான கையேடுகளிலும் சுருக்கப் பதிப்புகளிலும் முதலில் காணாமற்போவது இந்த இரண்டு பக்கங்கள்தாம்.

இப்படிச் சொல்லவேண்டிய தேவை ஏன் வந்தது? கட்டுக்கதையைப் பொய்யோடு சேர்த்து எண்ணிய சமயப் பற்றாளர்கள் அன்றைய வாசகர்களில் பலர். அதோடு, அச்சுக்கு முன்அனுமதி கோரிய சட்டம் 1695இல் காலாவதியான பின் செய்தித்தாள்கள் பெருகின. 1702இல் லண்டனில் நாளிதழே வந்துவிட்டது. டீஃபோ அந்த உலகத்து மனிதர். 1703இல் இங்கிலாந்தைப் பெரும்புயல் தாக்கியபோது, கண்டவர்கள் எழுதியனுப்புமாறு விளம்பரம் செய்து, வந்தவற்றைத் தொகுத்து மறு ஆண்டே நூலாக்கியவர். குரூசோ கரையொதுங்கிய பின் தன் தோழர்களைத் தேடும் இடத்தை வகுப்பில் நான் உரக்க வாசிப்பதுண்டு. அவன் கண்ணில் படுபவை மூன்று தொப்பிகள், ஒரு குல்லாய், ஒன்றுக்கொன்று சோடியில்லாத இரண்டு காலணிகள், அவ்வளவே. இறந்தவர்களுக்காக ஒரு பத்தி புலம்பல் எழுதியிருந்தாலும் அந்தச் சோடியில்லாத காலணிகள் தரும் துயரத்தைத் தந்திருக்காது. நாவல் என்ற வடிவம் காப்பியத்திலிருந்தும் வீரக்கதைகளிலிருந்தும் எங்கே பிரிகிறது என்பதை விளக்க எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்ததில்லை.

அச்சகம் நடத்திவந்த சாமுவேல் ரிச்சர்ட்சனிடம், நாட்டுப்புற வாசகர்களுக்காக மாதிரிக் கடிதங்கள் கொண்ட ஒரு நூல் எழுதித் தருமாறு இரண்டு புத்தக வணிகர்கள் கேட்டார்கள். அந்த வேலையின் நடுவே பிறந்தது 1740இல் வெளிவந்த 'பமேலா'. பதினைந்து வயதுப் பணிப்பெண் பெற்றோருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே, கண்ணீர் விழுந்து தாள் கறைபட்டிருப்பதைப் பார்த்து வியக்கவேண்டாம் என்கிறாள். ரிச்சர்ட்சனும் தம்மைக் கடிதங்களின் பதிப்பாசிரியராகவே காட்டிக்கொண்டார்.

இந்த வழக்கத்தை வெளிப்படையாக உடைத்தவர் ஹென்றி ஃபீல்டிங். 1737இல் வந்த நாடகத் தணிக்கைச் சட்டம் அவருடைய மேடை வாழ்வை முடித்துவைத்தது. 'பமேலா'வைக் கேலிசெய்து உரைநடைப் புனைவுக்குள் நுழைந்தார். 1742இல் 'ஜோசஃப் ஆண்ட்ரூஸ்' முன்னுரையில், தாம் எழுதுவது உரைநடையில் அமைந்த நகைச்சுவைக் காப்பியம் என்று இலக்கணமே வகுத்தார். 1749இல் வந்த 'டாம் ஜோன்ஸ்' நாவலின் முதல் அத்தியாயமோ, எழுத்தாளன் காசு வாங்கிச் சோறு போடும் உணவுக்கடைக்காரனைப் போன்றவன் என்று சொல்லி, பரிமாறப்போகும் பண்டத்தின் பெயரையும் முன்கூட்டியே அறிவிக்கிறது: மனித இயல்பு.

முழுப் பதிப்புகள் காப்புரிமை நீங்கி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இப்போதெல்லாம் பருவத்தின் முதல் வகுப்பில் 1719ஆம் ஆண்டுத் தலைப்புப் பக்கத்தின் நகலை மாணவர் கையில் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் காத்திருக்கிறேன். எழுதியவர் பெயர் எங்கே என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்.