நாய் இனத் தடை: யாராவது நகலை நீட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஆறு வருடம் வளர்த்த ராட்வைலரை இரண்டே நாளில் யாரிடமோ கொடுத்துவிட்டது. "இந்த இனத்தை அரசே தடை செய்துவிட்டது" என்று குடியிருப்போர் சங்கத்தார் நீட்டிய நகல்தான் காரணம். அது 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு எழுதிய கடிதம். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மே மாதம் தமிழ்நாடு அரசு அறிவித்த தடையும் உடனே திரும்பப் பெறப்பட்டது. இதையெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் கடிதம்கூட இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத்தான் தடுக்கச் சொன்னது. வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யச் சொன்னதே தவிர, துரத்தச் சொல்லவில்லை. அதன் பட்டியலில் டோசா என்ற ஒரே இனம் இரண்டு முறை வருகிறது. 'டெரியர்கள்' என்று மொத்தமாக எழுதியதில் மடியில் தூங்கும் குட்டி நாயும் அடங்கிவிடும். இப்படி எழுதிய காகிதத்துக்காக ஒரு வீட்டு நாய் தெருவுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்ப்பு நாயே கூடாது என்று தீர்மானம் போடச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்பதை விலங்குகள் நல வாரியம் 2015-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மிரட்டினால், எந்த உத்தரவு, என்ன தேதி என்று எழுத்தில் கேளுங்கள்.

சென்னையில் நிலைமை வேறு. 2025 டிசம்பர் முதல் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் மாநகராட்சி புதிய உரிமம் தருவதில்லை. குட்டியை விற்பவர் இதைச் சொல்லமாட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஏற்கெனவே உரிமம் உள்ள நாய்க்கு வெளியே போகும்போது கயிறும் வாய்க்கவசமும் கட்டாயம்.

மற்ற நாய்களுக்கு உரிமக் கட்டணம் ஐம்பதே ரூபாய். ஆனால் அலைய வைப்பது தடுப்பூசி அட்டை. குட்டிக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசி வேறு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி வேறு. "ஊசி போட்டாயிற்று" என்று கூட்டுத் தடுப்பூசி மட்டும் பதிந்த அட்டையோடு விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். அட்டையில் 'இனம்' என்ற கட்டத்தையும் கிளினிக்கிலேயே படித்துவிடுங்கள். தெருவில் எடுத்து வளர்த்த ஒரு நாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, கிளினிக் உதவியாளர் நீல மையில் 'பிட்புல் கிராஸ்' என்று கிறுக்கியிருந்ததை நான் பார்த்தேன். தாய் தகப்பன் தெரியாத நாய்க்கு அவர் எதை வைத்து அப்படி எழுதினார்? மருத்துவரிடமே சொல்லித் திருத்தி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிறகே வெளியே வாருங்கள். உரிமம் ஓராண்டுக்குத்தான், புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கடிபட்டவர்களின் அலைச்சல் இதைவிடக் கொடுமை. போலீஸ் மாநகராட்சிக்குப் போகச் சொல்கிறது, மாநகராட்சி போலீசுக்குப் போகச் சொல்கிறது. "அது தடை செய்த இனமில்லையே" என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். அதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். தன் நாயால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் வழக்குப் போடலாம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாட்டு நாயானாலும் இதே பிரிவுதான்.

ஆனால் புகாருக்கு முன் காயம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்; ஊசி இலவசம். ஓ.பி. சீட்டில் 'நாய்க்கடி' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, நகல் எடுத்துப் புகாரோடு இணையுங்கள். காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.