கர்ப்பத்தில் புகையிலை ஏக்கம் ஏன் கூடுகிறது?

மேட்டூர்த் தண்ணீர் வந்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களில் நடவு தொடங்கிவிட்டால், குனிந்த முதுகு நிமிர நேரமிருக்காது. பசியை அடக்கவும் அசதியைத் தள்ளிப்போடவும் பல பெண்களுக்குத் துணையாக இருப்பது இடுப்பில் செருகிய சுருக்குப்பை: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை. வெற்றிலைக்குக் கும்பகோணம், புகையிலைக்கு வேதாரண்யம் என்று பெயர் பெற்ற மண் இது. இங்கே ஒரு வாய் போடுவதைப் போதைப்பழக்கம் என்று நினைப்பவர்கள் குறைவு. அதனால் கர்ப்பிணியிடம் அதைக் கேட்கவும் பலருக்குத் தோன்றுவதில்லை.

வாயில் நடப்பது நல்ல வேதியியல். புகையிலையில் உள்ள போதைப்பொருளான நிகோட்டின், அமிலத்துக்கு எதிரான காரப்பொருள். அமிலச் சூழலில் அது மின்னேற்றம் பெற்று, வாயின் உட்தோலைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். சுண்ணாம்பு சேர்ந்ததும் வாயின் காரத்தன்மை உயர்கிறது. மின்னேற்றம் நீங்கிய நிகோட்டின் கன்னத்தின் உட்புறம் வழியாக நேரே இரத்தத்தில் கலக்கிறது. சிகரெட்டின் நிகோட்டின் சட்டென்று ஏறிச் சட்டென்று தணியும். கடைவாயில் அதக்கிய புகையிலையோ மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். புகை இல்லாததால் தீங்கும் இல்லை என்பது வெறும் நம்பிக்கை.

அந்த நிகோட்டின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகிறது. கருப்பைக்குப் போகும் இரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல். தாயின் இரத்த ஓட்டத்தில் அந்தக் கடைமடை குழந்தைதான். மும்பையில் 1217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வு, வாய்ப்புகையிலைப் பழக்கத்தால் குழந்தையின் எடை சராசரியாக 105 கிராம் குறைவதையும், பிரசவம் சுமார் 6 நாள் முந்துவதையும் காட்டியது. 105 கிராம் சிறிதாகத் தோன்றலாம். ஏற்கெனவே இரத்தசோகையில் வாடும் தாய்க்கு, பிள்ளை எடைக்குறைவின் எல்லையான 2.5 கிலோவைத் தொடுமா தொடாதா என்பதை அதுவே தீர்மானித்துவிடக்கூடும்.

"வயிற்றுப் பிள்ளைக்காகக்கூட விட முடியவில்லையா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பவர்களுக்குத் தெரியாத ஒன்று கல்லீரலில் நடக்கிறது. நிகோட்டினைச் சிதைப்பது முக்கியமாக சிஒய்பி2ஏ6 என்னும் நொதி. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் உயரும்போது இந்த நொதியின் வேலையும் முடுக்கிவிடப்படுகிறது. நிகோட்டின் உடலைவிட்டு நீங்கும் வேகம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுகிறது. மூளையிலோ, பல ஆண்டுப் பழக்கத்தால் நிகோட்டினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் பெருகியிருக்கின்றன. அவை காலியானதும் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை. கர்ப்பத்தில் அவை சீக்கிரமே காலியாகின்றன. காலையும் மதியமும் போட்டுவந்தவரின் கை இப்போது இடையிலும் சுருக்குப்பைக்குப் போகிறது. தன் வைராக்கியம் தளர்ந்துவிட்டது என்று அவர் தன்னையே நொந்துகொள்கிறார். மாறியது அவருடைய உடலின் கணக்கு. இதை ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் சொல்லியே ஆக வேண்டும். ஏசினால் பழக்கம் நிற்காது, ஒளிந்துகொள்ளும். ஒளிந்த பழக்கத்துக்குச் சிகிச்சை தர யாராலும் முடியாது.

ஆகவே கிராம சுகாதாரச் செவிலியர் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிக் கேட்கும் அதே குரலில் "வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துப் போடுவீர்களா அம்மா?" என்று கேட்பதிலிருந்தே சிகிச்சை தொடங்குகிறது. எந்த நேரத்தில், எதற்காகப் போடுகிறார் என்பது அடுத்த கேள்வி. பசிக்காக என்றால் அந்த நேரத்துக்குச் சுண்டலோ கடலையோ வேண்டும். பல்வலிக்காக என்றால் பல் மருத்துவர் வேண்டும். விட்ட முதல் சில நாள்களில் ஏக்கம் உச்சத்தில் இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அந்த நாள்களில் அடிக்கடி பேசுவது பெரிய மருந்து. ஏக்கத்தைத் தணிக்கத் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, மெல்லும் பசை போன்றவற்றை மருத்துவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். ஊக்கப் பரிசும் பலன் தருகிறது: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் புகைபிடிக்கும் கர்ப்பிணிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பரிசுச் சீட்டு பெற்றவர்களில் 22.5 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 8.6 விழுக்காட்டினரும் பழக்கத்தை விட்டிருந்தார்கள்.

புகையிலையை ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தில்லை. மது அப்படியன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். அபின் வகைப் பொருள்களுக்கு அடிமையான கர்ப்பிணிக்கு, அவற்றைச் சட்டென்று நிறுத்துவதைவிட மெத்தடோன் அல்லது பியூப்ரெனார்பின் மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மெத்தடோனும் கர்ப்பத்தில் வேகமாகச் சிதைவதால் பலருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

பிரசவத்துக்குப் பின் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் இரவுத் தூக்கமின்மையும், மீண்டும் வயலுக்குப் போகும் நெருக்கடியும் பழக்கத்தைத் திரும்ப இழுத்துவந்துவிடும். கர்ப்பத்தோடு கவனிப்பை நிறுத்திவிடுவதுதான் நம் பெரிய குறை என்று கருதுகிறேன். நிகோட்டின் தாய்ப்பாலிலும் இறங்கும். ஆனாலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இன்னும் விட முடியாதவர் முதலில் பாலூட்டிவிட வேண்டும். புகையிலை போட நேர்ந்தால் அதற்குப் பிறகுதான். பாலில் உள்ள நிகோட்டின் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். தவழும் குழந்தையின் கைக்குச் சுருக்குப்பை எட்டவே கூடாது. விழுங்கிய புகையிலை பச்சிளம் உடலுக்கு நஞ்சு. புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800112356. கணவருக்கோ மாமியாருக்கோ பழக்கம் இருந்தால் அவர்களும் அதே எண்ணில் பேசலாம்.