‘ஆலோசனைச் சபை’ அல்ல, மதியுரைக் குழு

நகர நிர்வாகம் தன் எல்லைக்குள் வாழும் வெவ்வேறு சமூகத்தாரை அழைத்து, பெருநாள் ஏற்பாடு, மயானக் காணி, பெயர்ப்பலகையின் மொழி போன்ற விடயங்களில் அவர்களுடைய கருத்தைக் கேட்பதற்கு ஓர் அமைப்பை வைத்திருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ‘அட்வைசரி போர்ட்’ என்று பெயர். கனடாவிலும் அமெரிக்காவிலும் பல நகரங்களில் இது உண்டு. அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் கண்டியில் இருந்தாலும் ஹற்றனில் இருந்தாலும் ‘ஆலோசனைச் சபை’ என்றே எழுதுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்தச் சொல் பிழை. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் அது வாசிப்பவரை மற்ற இடங்களைவிட அதிகமாகவே தடுமாற வைக்கும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘போர்ட்’ என்றால் பலகை. பலகை மேசையாகி, மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. ‘ஆலோசனை’ வடசொல். ‘லோசனம்’ என்றால் கண், ‘ஆலோசனை’ என்றால் நன்றாக நோக்குதல். தமிழுக்கு வந்தபின் அதற்கு இரண்டு பொருள்கள். “ஆலோசித்துச் சொல்கிறேன்” என்றால் நான் எனக்குள் எண்ணிப் பார்க்கிறேன். “நல்ல ஆலோசனை சொன்னார்” என்றால் அவர் எனக்கு வழி சொல்கிறார். எண்ணுவதற்கும் சொல்வதற்கும் ஒரே சொல். அதனால் ‘ஆலோசனைச் சபை’ என்றதும், கூடி ஆலோசித்து முடிவெடுக்கிற சபை என்றும் காதில் விழும். எல்லாச் சபையும் ஆலோசித்துத்தானே முடிவெடுக்கிறது?

பெரிய சிக்கல் ‘சபை’யில் இருக்கிறது. இலங்கைத் தமிழில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்றால் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர்கள், அவர்கள் நிறைவேற்றும் பாதீடு, அறவிடும் வரி, ஆக்கும் உபவிதி எல்லாம் சேர்ந்துதான் நினைவுக்கு வரும். மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் கனம் அதிகம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்க முடியாது என்று பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். தெரு விளக்கு கேட்டாலும் லயத்துக்குப் போகும் பாதை கேட்டாலும் “இது தோட்டக் காணி” என்பதே பதில். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே 2018இல், மிகப் பெரிதாக இருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளைப் பிரித்து அக்கரபத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் என்று புதிய சபைகளும் வந்தன. ஆகவே மலையக மனிதருக்குச் ‘சபை’ என்பது போராடிப் பெற்ற அதிகாரத்தின் பெயர். எந்த அதிகாரமும் இல்லாத ஒரு குழுவுக்கு அந்தப் பெயரைக் கொடுப்பது ஏமாற்றத்தை விதைக்கும் வேலை.

“மின்சார சபையும் சபைதானே, அதற்கு வாக்களித்தோமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்சார சபை, போக்குவரத்துச் சபை, தேயிலைச் சபை ஆகியவை நாம் தெரிவு செய்தவையல்ல. ஆனாலும் அவற்றுக்குச் செய்து முடிக்கும் அதிகாரம் உண்டு. கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம், பஸ் ஓட்டலாம், ஏற்றுமதியை ஒழுங்குபடுத்தலாம். சிங்களத்தில் இந்த இரண்டு வகைக்கும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நகர சபை அங்கே ‘சபாவ’. மின்சார சபையும் தேயிலைச் சபையும் ‘மண்டலய’. நாம் இரண்டையும் சேர்த்துச் ‘சபை’ என்று எழுதப் பழகினோம். அதையாவது இனி மாற்ற முடியாது என்று விட்டுவிடலாம். மூன்றாவதாக, சொல்லிவிட்டுப் போவது மட்டுமே வேலையான ஓர் அமைப்பையும் அதே பெயரில் அடைப்பதை விட முடியாது.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். சிங்களத்தில் குழுவுக்குக் ‘காரக சபாவ’ என்று பெயர். பாராளுமன்றத்தின் ‘உபதேசக காரக சபாவ’ தமிழில் ‘ஆலோசனைக் குழு’ என்று, ‘குழு’வையாவது சரியாக வைத்து, வழங்குகிறது. கந்தோரில் சிங்களக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவசரமாகத் தமிழாக்குகிறவர் ‘காரக’வை விட்டுவிட்டு ‘சபாவ’வைச் ‘சபை’யாக்குகிறார். இன்னும் அவசரம் என்றால் ‘உபதேசக’வும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழில் உபதேசம் குரு சீடனுக்குச் செய்வது. வடிகால் எங்கே வெட்டுவது என்று நகர நிர்வாகத்துக்கு யாரும் உபதேசம் செய்வதில்லை.

சிலர் தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றி ‘ஆலோசனை வாரியம்’ என்கிறார்கள். வாரியம் அருமையான பழஞ்சொல். 10ஆம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வருகிறது. அங்கே முழு ஊரவை சபை. குடவோலையில் பெயர் எடுத்து அது அமைத்த பணிக்குழுக்கள் வாரியங்கள். பெரியது சபை, அதன் கீழுள்ளது வாரியம் என்ற அந்தப் பிரிப்பு நம் வாதத்துக்குத்தான் துணை. ஆனால் இன்று தமிழ்நாட்டில் மின்வாரியம், வீட்டு வசதி வாரியம் என்று அது செயலதிகார நிறுவனத்தின் பெயர். இலங்கையிலோ பேச்சில் இல்லாத சொல். ஒரு குழப்பத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதில் பயனில்லை. ‘அறிவுரைக் குழு’ என்றும் எழுதுகிறார்கள். அறிவுரை பெரியவர் சிறியவருக்குச் சொல்வது. இங்கே குழு அதிகாரத்தில் சிறியது, கேட்கும் சபை பெரியது. திசையே தலைகீழ்.

பொருந்தும் சொல் ‘மதியுரைக் குழு’. மதியுரை ஈழத்து எழுத்தில் பழகிய சொல். ‘மதி’ வடசொல் என்று தூய்மைவாதிகள் மறுப்பார்கள். மதித்தல், அதாவது அளவிடுதல், நிறுத்துப் பார்த்தல் என்ற வினை தமிழில் வேரோடியிருக்கிறது. அந்த வழியில் மதியுரை என்றால் நிறுத்துப் பார்த்துச் சொன்ன உரை. உரை என்பதால் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. தீர்மானிக்கும் அதிகாரம் சொல்லுக்குள்ளேயே இல்லை. ‘குழு’வும் இந்த வேலைக்குப் புதிதல்ல. அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் என்று அரசனுக்கு அருகிருந்தோரைப் பழந்தமிழர் ‘ஐம்பெருங்குழு’ என்றனர். ஆணை அரசனுடையது, எண்ணிச் சொல்வது குழுவினுடையது. மதியுரை வாயில் வராது என்பவர்கள் ‘ஆலோசனைக் குழு’ என்று எழுதட்டும், அது பாதிப் பிழைதான். சபை மட்டும் வேண்டாம்.

இதனால் நடைமுறையில் என்ன கெடுகிறது என்பதைக் கூட்ட அறிக்கையின் ஒரே வரியில் காட்டலாம். “மயானப் பாதைக்குக் கொங்கிரீட் இடுவதெனச் சபை தீர்மானித்தது.” அந்தக் குழுவுக்குத் தீர்மானிக்க முடியாது. நகர சபை தன் கூட்டத்தில் கூட்ட நடப்பெண், அதாவது வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் தொகை, நிறைந்திருக்கும்போது நிறைவேற்றியதுதான் தீர்மானம். அது இல்லாமல் செயலாளர் நிதியை விடுவிக்க மாட்டார். ஆனால் அறிக்கையின் பிரதியைக் கையில் வைத்திருப்பவர், வேலை தொடங்கப்போகிறது என்று மாதக்கணக்கில் காத்திருப்பார். சரியான வரி இது: “மயானப் பாதைக்குக் கொங்கிரீட் இடுமாறு குழு நகர சபைக்கு விதந்துரைத்தது.” குழு விதந்துரைக்கும், சபை தீர்மானிக்கும், செயலாளர் நிறைவேற்றுவார். இந்த மூன்று வினையையும் மாற்றி எழுதாமல் இருந்தாலே பாதித் தகராறு குறையும்.

அடுத்த பிழை இதைவிட ஆழமானது. ‘இக்குழுவில் சகல இனங்களும் பிரதிநிதித்துவப்படுத்தப்படுகின்றன’ என்று எழுதுகிறார்கள். கடைசிச் சொல்லுக்கு மட்டும் 20 எழுத்து. நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், பொருளைப் பொறுக்க முடியாது. ‘பிரதிநிதி’ என்பது ஒன்றின் இடத்தில் வைக்கப்பட்டது. வேள்வியில் உரிய பொருள் கிடைக்காதபோது அதற்குப் பதிலாக வைப்பதற்கும் வடமொழியில் அதுதான் பெயர். தேர்தலில் அந்தச் சொல் பொருந்தும்: நான் வாக்களித்து என் இடத்தில் ஒருவரை வைக்கிறேன். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்பதில் எனக்கு வழக்கில்லை. மதியுரைக் குழுவின் உறுப்பினரைச் சமூகம் அனுப்புவதில்லை. அவர் விண்ணப்பிக்கிறார் அல்லது நகர நிர்வாகம் அழைக்கிறது. நியமனக் கடிதம் கொடுப்பது நிர்வாகம். அவரைப் பிரதிநிதி என்றால், அவரைக் கேட்டதே அந்தச் சமூகத்தைக் கேட்டதாகிவிடும்.

இந்த வேறுபாட்டைப் பட்டு உணர்ந்த மக்கள் மலையகத்தார். 1947 தேர்தலில் மலையகத்தாரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் பல இடங்களை வென்றது. 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலோரின் வாக்குரிமையும் போயிற்று. 1947இல் வென்றவர்களில் ஒருவரான மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1960இல் பாராளுமன்றத்துக்கு வந்தது நியமன உறுப்பினராக. 1977இல்தான் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் மீண்டும் வாக்குப் பெற்று வந்தார். ஒரே மனிதர், ஒரே மன்றம். ஆனாலும் ‘நியமன உறுப்பினர்’ என்றும் ‘தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்’ என்றும் நம் முன்னோர் பிரித்துச் சொன்னார்கள். அந்தக் கூர்மை இன்றைய மொழிபெயர்ப்பில் இல்லை.

எனவே சங்கமோ கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபையோ தானே பெயர் குறித்து அனுப்பியவரைச் ‘சார்பாளர்’ என்போம். நிர்வாகம் தேர்ந்தெடுத்தவர் ‘உறுப்பினர்’ மட்டும். குழுவைப் பற்றி எழுதும்போது ‘எல்லாச் சமூகத்தாரும் இடம்பெறுவர்’ என்றால் போதும். ‘பேராளர்’ மாநாட்டுக்குச் சரி. ஆனால் பெயரை ஆள்பவரா, பெருமைக்குரியவரா என்று சொல்லே தடுமாறுகிறது. நியமனக் கடிதத்தில் அந்தத் தடுமாற்றம் கூடாது.

‘இனம்’ என்ற சொல்லையும் இந்த இடத்தில் கைவிட வேண்டும். இத்தகைய குழுக்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்வது பண்பாட்டுச் சமூகங்கள் என்றுதான். இனம் என்று எழுதியதும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று கதிரைகள் போட்டு வேலையை முடித்துவிடுவார்கள். தமிழருக்கான அந்த ஒற்றைக் கதிரையில் நகரக் கடைவீதி வர்த்தகரோ ஓய்வுபெற்ற அதிபரோ இருப்பார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இடம் இராது. 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணியது. கண்டி போன்ற நகரத்தில் மலாயரும் பறங்கியரும் உண்டு. ‘சமூகம்’ என்று எழுதினால் யார் யார் என்று கேட்க வேண்டிவரும், பட்டியல் நீளும். கூட்டம் வேலைநாளில் காலை 10 மணிக்கு என்றால் பெயர் போட வேண்டியவருக்கு வர முடியாது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

அறிவித்தல் எழுதுகிறவருக்கு ஒரு மாதிரி: “நகர எல்லைக்குள் வாழும் பல்வேறு பண்பாட்டுச் சமூகத்தாரும் இடம்பெறும் மதியுரைக் குழுவொன்றை நகர சபை அமைக்கிறது. குழுவின் விதந்துரைகள் நகர சபையின் மாதாந்தக் கூட்டத்தில் முன்வைக்கப்படும். சங்கங்கள் தம் சார்பாளர் ஒருவரின் பெயரை எழுத்து மூலம் அனுப்பலாம்.”