எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன்: வெளியேற்று வீதம்

மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்தவரின் எக்கோ அறிக்கையில் ‘எல்.வி.இ.எஃப். 40%’ என்று ஒரு வரி இருக்கும். இடது கீழறையின் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்பதன் சுருக்கம் அது. ‘இதயம் நாற்பது சதவீதம்தான் வேலை செய்கிறதாம்’ என்று வீட்டார் கலங்கிப்போவார்கள். அந்த எண்ணுக்கு அது பொருள் அல்ல.

இதயத்தின் இடது கீழறை விரியும்போது அதில் 120 மில்லிலிட்டர் இரத்தம் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். சுருங்கியபின் 50 எஞ்சினால், வெளியேறியது 70, அதாவது நிறைந்ததில் ஏறத்தாழ 58%; இந்தப் பங்கே எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன். நலமான இதயத்துக்கே இவ்வளவுதான். எந்த இதயமும் அறையைத் துடைத்துக் காலி செய்வதில்லை. ஆகவே 40 என்பதை நூறோடு ஒப்பிடக் கூடாது. 55-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் உள்ள இயல்பளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

‘எஜெக்‌ஷன்’ என்பதன் இலத்தீன் வேர் வெளியே எறிதலைக் குறிக்கும். ‘ஃபிராக்‌ஷன்’ உடைத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. நம் ‘பின்னம்’ என்ற சொல்லும் ‘உடைந்த’ என்று பொருள்படும் வடசொல்லிலிருந்தே வந்தது என்பதால், ‘வெளியேற்றப் பின்னம்’ கணக்குப்படி மிகப் பொருத்தம். ஆனால் சிலை பின்னமாகிவிட்டது என்று சொல்லிப் பழகிய காதுக்கு, அது இதயமே சிதைந்துவிட்டதாக ஒலிக்கும். நோயாளியிடம் சொல்ல ‘வெளியேற்று வீதம்’ என்பதே நல்லது. சதவீதத்தில் உள்ள அதே வீதம்தான்; எவருக்கும் புரியும்.

‘எக்கோ’வுக்குக் கிரேக்க மூலம்; பொருள் எதிரொலி. சுவீடனின் லுண்ட் நகரில் 1953-இல் மருத்துவர் எட்லரும் இயற்பியலர் ஹெர்ட்சும், உலோகத்தில் விரிசல் தேடும் மீயொலிக் கருவியை இதயத்தின் பக்கம் திருப்பினார்கள். ‘இதய மீயொலிப் படம்’ என்பது இதற்குச் சரியான தமிழ். எனினும், ‘எக்கோ எடுத்தாயிற்றா?’ என்று ஊரே கேட்கும் நிலையில் அந்தச் சொல்லை விரட்ட வேண்டியதில்லை.

இந்த வீதம் குறையக் குறைய இதயச் செயலிழப்புக்கும் ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் மாரடைப்பு வந்த வாரத்தில் எடுத்த எண் இறுதித் தீர்ப்பு அன்று. இரத்தம் தடைப்பட்டதால் மரத்துப்போன தசை, அடைப்பு நீங்கியபின் சில வாரங்களில் மீண்டும் இயங்கக்கூடும். தழும்பாகிவிட்ட தசை மீளாது. படத்தைத் தெளிவாக்கும் கடோலினியம் என்ற மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தத் தழும்பு வெண்மையாகத் தெரியும்.

எனவேதான், துடிப்பைச் சீராக்கும் ஐ.சி.டி. கருவியை முன்னெச்சரிக்கையாகப் பொருத்துவதைப் பொதுவாக 40 நாளுக்கு முன் முடிவு செய்வதில்லை. அடைப்பு நீக்கிய சிகிச்சை நடந்திருந்தால் மூன்று மாதம் வரை பொறுப்பார்கள். மருந்துகளுக்குப் பிறகும் வீதம் 35-ஐத் தாண்டாவிட்டால் அந்தப் பேச்சு எழும். அறிக்கையைக் கையில் வாங்கும்போது, அடுத்த எக்கோ எப்போது என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.