கவனத்துக்கு மாத்திரை கேட்பதற்கு முன்

“கவனம் நிற்கவே மாட்டேங்குது டாக்டர், ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டு வருபவர்கள் இப்போதெல்லாம் அதிகம். பகலில் வேலை, மாலையில் படிப்பு, நடுவில் குடும்பம். போன வாரம் வந்தவரும் அப்படித்தான். பையிலிருந்து ஒரு டைம்டேபிளை எடுத்து மேசையில் விரித்தார். காலை 4.30-லிருந்து இரவு 12.30 வரை அரை மணிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம். தூக்கத்துக்கு மிஞ்சியது நான்கு மணி நேரம். கூடவே கொண்டுவந்திருந்த புத்தகத்தில் ஒரே பத்தியின் மேல் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று கோட்டுக்கு மேல் கோடு. “மூன்று முறை படித்துவிட்டேன், என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சோம்பேறியாகிவிட்டேன் போல” என்றார்.

நாலரை மணிக்கு எழுந்து உட்காருகிறவர் சோம்பேறி இல்லை. அவருக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னால் உடனே வரும் பதில்தான் எனக்குப் பெரிய ஆயாசம்: “இல்லை டாக்டர், நான்கு மணி நேரமே எனக்குப் போதும், உடம்பு பழகிவிட்டது.”

பழகாது. தயவுசெய்து இதைக் கேளுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமானவர்களைக் குழுக்களாகப் பிரித்து, இரண்டு வாரங்களுக்குத் தினமும் நான்கு, ஆறு, எட்டு மணி நேரம் என்று படுக்கவிட்டு, கவனத்தையும் நினைவையும் சோதித்துக்கொண்டே வந்தார்கள். நான்கு மணி, ஆறு மணிக்காரர்களின் திறன் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றிரண்டு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆறு மணி நேரம் தூங்கியவர்களும் தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அவர்களிடமே ‘தூக்கக் கலக்கம் இருக்கிறதா’ என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு பெரிய மாற்றம் எதையும் சொல்லவில்லை. அதாவது திறன் குறைகிறது, குறைவது தெரிவதில்லை. “பழகிவிட்டது” என்று நீங்கள் சொல்வது அந்தத் தெரியாமையைத்தான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் மது 0.05 சதவீதம் இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது என்றும் ஆய்வு இருக்கிறது. இந்த நிலையில்தான் பலர் இரவு வகுப்பு முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். பேரம் வேண்டாம். காபியால் ஈடுகட்டவும் முடியாது, அதிலுள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலையில் குடித்தால் இரவுத் தூக்கத்தில்தான் கை வைக்கும்.

மாத்திரை விஷயம். மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு இருப்பவர்களுக்கானவை. அந்தக் கோளாறின் அறிகுறிகள் சிறுவயதிலேயே, பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரியத் தொடங்கியிருக்க வேண்டும். தேர்வு வந்த பிறகு திடீரென்று முளைப்பதில்லை. நண்பரிடம் இரண்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன் என்று யாராவது சொல்லும்போது உண்மையிலேயே கோபம் வருகிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், மிச்சமிருக்கும் தூக்கமும் போகும். செய்யாதீர்கள்.

அப்புறம் அந்தக் கலர் கோடுகள். திரும்பத் திரும்பப் படித்தால் மனதில் நிற்கும் என்ற நம்பிக்கையும் தூக்கக் கதை மாதிரியேதான், உணர்வு ஒன்று சொல்கிறது, நடப்பது வேறு. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். திரும்பப் படித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகமாக இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு பக்கம் படியுங்கள், மூடுங்கள், வெறும் தாளில் எழுதுங்கள். தடுமாறுவீர்கள், பரவாயில்லை. அரை மணி நேரம் இப்படிச் செய்தாலும் போதும், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.

அலுவலக வேலை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பவர்கள், வேலையை மூடும் முன் எங்கே நிறுத்தினீர்கள், நாளை எதிலிருந்து ஆரம்பிப்பீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். முடியாத வேலைக்கு ஒரு திட்டம் போட்டு வைத்தாலே அது குறுக்கே வந்து தொந்தரவு செய்வது குறைகிறது.

இதெல்லாம் செய்தும் நேரம் போதவில்லை என்றால், வெட்ட வேண்டியது பட்டியலை. இந்தப் பருவத்தில் ஒரு பாடத்தைத் தள்ளிவையுங்கள். மேலாளரிடம் தேர்வுக்கு லீவு கேளுங்கள். கேட்டுப் பார்க்காமலேயே கிடைக்காது என்று முடிவு செய்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள், “அவன் எப்படிப் படிக்கிறான் பார்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நன்றாகத் தூங்கியும் கவனம் நிற்கவில்லை என்றால் வாருங்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் முதலில் பார்த்துவிடலாம். வரும்போது ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்று குறித்துக்கொண்டு வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. இரண்டு வாரமாக மனச்சோர்வு, எதிலும் பிடிப்பில்லை, அதோடு கவனமும் இல்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், தேர்வு முடியட்டும் என்று ஒத்திப்போட வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.