எபாக்ஸி வாடை அடிக்கலைன்னு வெறுங்கையால தொடாதீங்க

படகு ரிப்பேர் பண்றவங்ககிட்ட நான் திரும்பத் திரும்ப சொல்ற விஷயம் இது. ஃபைபர் துணியை நனைச்சு இறுக வைக்கற பிசின்தான் ரெசின், பாலியஸ்டரும் எபாக்ஸியும் அதுல வகைங்க. பாலியஸ்டர் ரெசின்ல கலந்திருக்கற ஸ்டைரீன்ங்கற ரசாயனத்தோட வாடை மூக்கைத் துளைக்கும், அதனால யாரும் சொல்லாமலே கதவைத் திறந்து வெச்சு வேலை பாப்பாங்க, எபாக்ஸில அந்த அளவுக்கு வாடை இல்லாததால இது ஒண்ணும் பண்ணாதுன்னு நம்பி ரெசின்ல நனைஞ்ச ஃபைபர் துணியை வெறும் விரலாலேயே நீவி விடுறாங்க. தோல் வழியாத்தான் பெரும்பாலும் பிரச்சனையே வருது.

ரெசினும் அதை இறுக வைக்க கலக்குற ஹார்டனரும் தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா சிலருக்கு அலர்ஜி உண்டாகும். மாசக்கணக்குல, ஏன் வருஷக்கணக்குலகூட ஒண்ணும் தெரியாது, அப்புறம் திடீர்னு ஒருநாள் விரலிடுக்கு, மணிக்கட்டு, கண் இமைன்னு செவந்து அரிச்சு கொப்புளம் கிளம்பும். வந்துட்டா பொதுவா ஆயுசுக்கும் கூடவே இருக்கும், அதுக்கப்புறம் துளி பட்டாலும் திரும்ப வரும். அருமையான கைவேலைக்காரங்க இதனாலயே எபாக்ஸி பக்கம் போக முடியாம ஆகுறாங்க, எனக்கு அதுதான் தாங்கல.

நைட்ரைல் கிளவுஸ் போடுங்க, முழுக்கை சட்டை போடுங்க, கிளவுஸ் கிழிஞ்சா அந்த நிமிஷமே மாத்துங்க. தப்பித்தவறி கையில பட்டுட்டா தின்னர், அசிட்டோன் ஊத்தித் துடைக்காதீங்க, அது தோல்ல இருக்கற எண்ணெய்ப்பசையை எடுத்துட்டு ரெசின் உள்ள போக வழி பண்ணிடும். பேப்பரால வழிச்சு எடுத்துட்டு சோப்பு போட்டுக் கழுவினா போதும்.

அடுத்தது கலவை அளவு. பாலியஸ்டர்ல இறுகறதுக்கு ஊத்துற கேட்டலிஸ்ட் 1, 2 சதவீதம்தான், கொஞ்சம் கூட்டினா சீக்கிரம் இறுகும், அந்தப் பழக்கத்துல எபாக்ஸிக்கும் ஹார்டனரை ஜாஸ்தி ஊத்துறாங்க. இங்க அது நடக்காது. ரெசினுக்கு ஹார்டனர் 5:1, 2:1ன்னு டப்பாவுல என்ன போட்டிருக்கோ அதேதான், அது எடைக் கணக்கா கொள்ளளவு கணக்கா-ன்னும் பாத்துக்கணும், கூடிப்போன ஹார்டனர் வினையாகாம உள்ளயே தங்கி ஒட்டு பலமில்லாம போகும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது தூசியோட சேர்ந்து உங்க மேலயும் படியும். வேகம் வேணும்னா ஃபாஸ்ட் ஹார்டனர் வாங்குங்க.

கலந்ததை கப்புலயே நிறைய விட்டு வைக்காதீங்க, சூடு ஏறி புகையும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு. அகலமான தட்டுல ஊத்திக்கிட்டா நிதானமா வேலை பாக்கலாம்.

தொட்டா கெட்டியா இருக்குன்னு மறுநாளே தேய்க்கற சாண்டிங் மெஷினை எடுக்கறதுதான் எனக்கு ரொம்ப பயம், முழுசா இறுக பல நாள் ஆகும், பாதி இறுகின தூசி மூச்சுலயும் தோல்லயும் பட்டா அலர்ஜிக்கு அதுவே காரணமாகும். மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வந்திருந்தா முதல்ல தண்ணி விட்டு ஸ்க்ரப்பரால தேய்ச்சுக் கழுவுங்க, அது காய்ஞ்சப்புறம் சாண்டிங். தூசிக்கு துணி மாஸ்க் பத்தாது, ஃபில்டர் வெச்ச மாஸ்க் வேணும்.

ஏற்கனவே அரிப்பு ஆரம்பிச்சிருந்தா களிம்பு தடவிக்கிட்டு வேலையைத் தொடராதீங்க. நிறுத்திட்டு தோல் டாக்டரைப் பாருங்க, போகும்போது ரெசின், ஹார்டனர் ரெண்டு டப்பா லேபிளையும் போட்டோ எடுத்துட்டுப் போங்க.